அண்ணி எழுதிய அறுபத்திரண்டு பக்கங்கள்

அண்ணி எதையும் மூன்று முறை பார்ப்பார். கதவைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். அடுப்பை அணைத்தால் குமிழை மூன்று முறை தொட்டுப் பார்ப்பார். கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைத் திருத்திச் சேமித்தாலும் அப்படித்தான். பிரவுசரில் மூன்று முறை ரிஃப்ரெஷ் செய்து, மூன்று முறையும் ஒரே மாதிரி வந்தால்தான் நாற்காலியில் சாய்வார். முதல் முறை தற்செயலாக வந்திருக்கலாம், இரண்டாவது பழைய ஞாபகத்தில் வந்திருக்கலாம், மூன்றாவதுதான் நிஜம் என்பது அவர் கணக்கு. ஒன்பது வருடமாக இதைப் பார்த்து வருகிறேன். ஆரம்பத்தில் சிரிப்பு வந்தது, பிறகு எரிச்சல் வந்தது. எரிச்சல் அந்தப் பழக்கத்தின் மேல் இல்லை என்பது எனக்குப் புரிய வெகு நாள் ஆயிற்று.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா பார்சல் கிடங்கில் மூட்டை இறக்கியவர். அம்மா ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டவள். அண்ணன் பள்ளியோடு படிப்பை நிறுத்திவிட்டு பஸ் ஓட்டப் போனான். அதனால்தான் நான் இன்ஜினியரிங் படிக்க முடிந்தது. இதை யாரும் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் ஒருவேளை எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவரில் என் பட்டச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. வருகிறவர்கள் அதைப் பார்த்த பிறகுதான் உட்கார வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் கல்லூரியில் முதல் வருடம். அவர் பஸ் டிப்போவில் டூட்டி போடும் கிளார்க். பள்ளிப் படிப்போடு சரி. நாளைக்கு யார் எந்த வண்டி, யாருக்கு என்றைக்கு ஓய்வு என்பதை மாலை ஐந்து மணிக்குப் பலகையில் ஒட்டுவது அவர் வேலை. ஒரு பலகையின் முன்னால் நானூறு பேர் இடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல், பிரிண்டர் பழுது பார்க்க வந்தவரிடம் ஒரு பழைய புத்தகத்தை வாங்கி பிஎச்பி கற்றுக்கொண்டார். வலைப்பக்கம் எழுதும் மொழிகளில் அலட்டிக்கொள்ளாத மொழி அது. கோப்பைத் திறந்து, எழுதி, சேமித்தால் அடுத்த நொடியே பக்கம் மாறியிருக்கும். அவர் மேசைக்கடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர், கேட்டவர்களுக்குப் பக்கங்களை அனுப்பும் சர்வராக ஓடியது. கால் நீட்டினால் இடிக்கும். டிரைவர்கள் வீட்டிலிருந்தபடியே போனில் டூட்டி பார்க்க ஆரம்பித்தார்கள். ஒன்று இரண்டாகி, சில வருடங்களில் அவர் எழுதிய பக்கங்கள் அறுபத்திரண்டு ஆயின.

அண்ணன் அவரிடம் முதலில் பேசியது சண்டைதான். ஒரே வாரத்தில் இரண்டு முறை கடைசி வண்டி போட்டுவிட்டதாகக் கத்தப் போனான். அவர் மானிட்டரை அவன் பக்கம் திருப்பி, "நீங்களே பாருங்க. மூணு தடவை பாருங்க" என்றாராம். தப்பு அவன் கணக்கில் இருந்தது. மறுநாள் வேறொரு சண்டையோடு போனான், அதற்கு மறுநாளும். "சண்டை போட விஷயம் தீர்ந்துபோச்சு, வேற வழியில்லாம கல்யாணம் பண்ணிக்கிட்டேன்" என்பான்.

என் பொறாமை எப்போது தொடங்கியது என்று துல்லியமாகச் சொல்ல முடியும். நான் இறுதியாண்டு படித்தபோது அப்பாவின் போன் நின்றுபோயிற்று. நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்பா என்னைத் தாண்டிப் போய் சமையலறை வாசலில் நின்று, "ஏம்மா, இதைக் கொஞ்சம் பாரேன்" என்றார். "அவதான் கம்ப்யூட்டர் படிக்கிறாளே மாமா, அவகிட்ட குடுங்க" என்றார் அண்ணி. "அவ பெரிய படிப்பு படிக்கிறவ. இதெல்லாம் அவளுக்கு எதுக்கு" என்றார் அப்பா. மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது. அண்ணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து இரண்டே நிமிடத்தில் சரி செய்து, மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்தார். "பார்த்தியா டிகிரி, உங்க அப்பா உன்னை ஷோகேஸ்ல வெச்சுட்டாரு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். டிகிரி என்பது எனக்கு அவர் வைத்த பெயர்.

படித்து முடித்து, அதே பஸ் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில், கம்ப்யூட்டர் பிரிவில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தேன். வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். நான்காவது வருடம் புதிய விதி வந்தது. டிப்போக்களில் மேசைக்கடியில் ஓடும் சர்வர்களை எல்லாம் எடுத்துவிட வேண்டும், எதுவானாலும் தலைமை அலுவலகத்தில் ஜாவா என்ற வேறொரு மொழியில் இயங்கும் சர்வரில்தான் ஓட வேண்டும் என்று பாதுகாப்புப் பிரிவு சொல்லிவிட்டது. எங்கள் பிரிவுத் தலைவருக்குக் கமிட்டி என்று பெயர், எதற்கெடுத்தாலும் கமிட்டி போடுவார் என்பதால். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"டிப்போ பக்கம் அறுபத்திரண்டு இருக்கு. அத்தனையையும் ஜாவால திருப்பி எழுதணும். நாலு மாசம். முடிச்சிட்டீங்கன்னா உங்களை நிரந்தரம் பண்ண நானே எழுதுறேன். இதுக்கு மேல ஒப்பந்தத்தை நீட்டிக்க முடியாது, பார்த்துக்குங்க."

ஆக, நிரந்தர வேலை, இல்லாவிட்டால் வேலை போய் வீட்டில் உட்கார வேண்டும். சந்தோஷப்பட்டேன் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வேலைக்காக மட்டும் இல்லை. அண்ணியின் அறுபத்திரண்டு பக்கங்களை ஒவ்வொன்றாக அழித்து, அந்த இடத்தில் என்னுடையதை வைக்கப் போகிறேன்.

பக்கங்களை ஒப்படைக்க அண்ணி தலைமை அலுவலகத்துக்கு வந்தார். கண்ணாடி அறை, குளிர், சக்கர நாற்காலி. உட்காராமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இந்த சர்வர்ல என் பக்கத்தை அப்படியே ஓட்ட முடியாதா?"

"அது வேற மொழி அண்ணி. இந்த சர்வருக்கு ஜாவா மட்டும்தான் புரியும்."

"புரியலைன்னா யாராவது சொல்லிக் குடுத்திருப்பாங்கல்ல. உலகத்துல எனக்கு மட்டுமா இந்தப் பிரச்சனை?"

நான் சிரித்தேன். பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. என் மானிட்டரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து ஒரு பென்டிரைவோடு வந்தார். யாரோ எங்கேயோ பிஎச்பியைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஒரு நிரலை ஜாவாவிலேயே எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். ஜாவா சர்வரின் ஒரு ஃபோல்டரில் அந்தக் கோப்பைப் போட வேண்டும். அமைப்புக் கோப்பில், பிஎச்பி பக்கம் எது கேட்டு வந்தாலும் இதனிடம் அனுப்பு என்று நான்கு வரி சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். சர்வருக்கு, தான் ஜாவாவைத்தான் ஓட்டுகிறோம் என்ற நினைப்பு. பக்கங்களுக்கு, தாங்கள் பழைய மேசைக்கடியிலேயே இருக்கிறோம் என்ற நினைப்பு.

கமிட்டி பின்னால் நிற்க, சோதனை சர்வரில் அண்ணி அதைச் செய்தார். டூட்டிப் பட்டியல் வந்தது, அதே நீல எழுத்து, அதே கோணல் கட்டம். அண்ணி மூன்று முறை ரிஃப்ரெஷ் செய்தார். அறுபத்திரண்டில் ஐம்பத்தெட்டு அன்றைக்கே ஓடின. மிச்சம் நான்கை மறுநாள் மதியத்துக்குள் சரி செய்தார்.

கமிட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். "இது உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. நான்கு வருடம் ஜாவா படித்தவள், நான்கு வருடம் அதில் வேலை பார்த்தவள், தேடிக்கூடப் பார்க்கவில்லை. முடியாது என்று எனக்குப் பாடத்தில் யாரும் சொன்னதில்லை. முடியும் என்றும் சொன்னதில்லை, அதனால் முடியாது என்று வைத்துக்கொண்டேன். அண்ணிக்குப் பாடம் இல்லை. அவர் தேடினார்.

அன்று மாலை அண்ணன் வண்டியை விட்டுவிட்டு வந்து, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் ஆரம்பித்தான். "டிப்போ முழுக்க இதே பேச்சு. தலைமை ஆபீஸே வாயைப் பொளந்துடுச்சாமே?"

"சும்மா இருங்க" என்றார் அண்ணி.

"ஏன் சும்மா இருக்கணும்? டிகிரி, நீயே சொல்லு, உங்க அண்ணி எப்படி?"

"ஒட்டுப் போட்ட வேலை அண்ணா. எவ்வளவு நாள் தாங்கும்னு பார்க்கணும்" என்றேன்.

அண்ணி எனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார். கரண்டி ஒரு கணம் நின்று, பிறகு ஊற்றியது. "தாங்கும். உன் வேலை என்ன ஆகும், அதைச் சொல்லு" என்றார். அக்கறையாகத்தான் கேட்டார் என்று இப்போது படுகிறது. அன்று அது குத்தலாகக் கேட்டது.

என் வேலையில் மிச்சம் இருந்தது ஒரு துண்டு. ஓய்வு நாள் விவரங்கள் தலைமை அலுவலகத்தின் தரவுத்தளத்தில் இருந்தன. டிப்போ பக்கங்கள் அதை நேராகத் தொடக் கூடாது, இடையில் ஒரு ஜாவா நிரல் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று விதி. அந்தப் புது ஏற்பாட்டில் பிஎச்பி பக்கத்திலிருந்து ஜாவா நிரலை நேராகக் கூப்பிடலாம். அந்த ஜாவா நிரலை நான் எழுதித் தர வேண்டும். அண்ணியின் பக்கத்துக்கு நான் எடுபிடி. ஒரே மதியத்தில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதி, சரிபார்க்காமல் கொடுத்தேன்.

அதில் ஒரு தவறு இருந்தது. அலுவலகத்தில் தேதி முத்திரை இருக்குமே, சக்கரத்தைத் திருப்பித் தேதி வைத்துக் குத்துவது, அதுபோல ஜாவாவில் தேதியை எழுத்தாக மாற்ற ஒரு கருவி உண்டு. ஆளுக்கு ஒன்று தர வேண்டும். நான் எல்லோருக்கும் பொதுவாக ஒன்றை வைத்துவிட்டேன். ஒருவர் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் எடுத்துக் குத்தினால் அவர் தாளில் இவர் தேதி விழும். பிஎச்பி பக்கம் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறந்து, பதில் சொல்லிவிட்டு மறைந்துவிடும். அதனால் அண்ணிக்கு இப்படி ஒரு ஆபத்து இருப்பதே தெரிய வழியில்லை. எனக்குத் தெரியும். மூன்றாம் வருடத் தேர்வில் இதே கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

தனியாக உட்கார்ந்து மூன்று முறை பார்க்கிறவருக்கு அந்தத் தவறு ஒருபோதும் தெரியாது. மாலை ஐந்து மணிக்கு நானூறு பேர் ஒன்றாகத் திறக்கும்போதுதான் தெரியும்.

பக்கங்கள் புது சர்வரில் ஓடத் தொடங்கி இரண்டு வாரம் ஆனபோது, சைலன்சர் என்று பேர் எடுத்த டிரைவர் டிப்போ அலுவலகத்துக்கு வந்தார். வாயே திறக்காத மனிதர், அதனால் அந்தப் பெயர். ஆவணங்களை வாங்கிப் போக அன்று நானும் அங்கே இருந்தேன்.

"வியாழக்கிழமை எனக்கு ஆஃப்னு போட்டிருந்தது. அப்பாவைக் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். சொல்லாம லீவு எடுத்துட்டேன்னு எழுதி, ஞாயித்துக்கிழமை ஆஃபைப் பிடுங்கிட்டாங்க."

அண்ணி பக்கத்தைத் திறந்தார். "உங்க ஆஃப் ஞாயிறுதான்." ரிஃப்ரெஷ். "ஞாயிறு." ரிஃப்ரெஷ். "ஞாயிறு. உங்கப்பாவோட கண்ணை மட்டும் காட்டினீங்களா, உங்க கண்ணையும் காட்டினீங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணிக்கு அந்தத் திமிர் உண்டு. தன் பக்கம் தப்பாகச் சொல்லாது என்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

சைலன்சர் கோபப்படவில்லை. போனை எடுத்து நீட்டினார். அந்த வியாழனுக்குச் சில நாள் முன்பு, மாலை ஐந்து மணிக்கு எடுத்த படம். நீல எழுத்து, அவர் பெயர், வியாழக்கிழமை. "ஆபரேஷனுக்குத் தேதி குறிக்க ஆஸ்பத்திரியில காட்டணும்னு எடுத்து வெச்சேன்" என்றார்.

அண்ணி அந்தப் படத்தை மூன்று முறை பார்த்தார். முகம் சிறுத்துப் போயிற்று. எழுந்து நின்றார்.

"தப்பு என்மேலதான். எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசினதும் தப்பு. உங்களுக்கு ஒரு நாள் நான் தரணும். தந்துடுறேன்."

"சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

படத்தைப் பார்த்த கணத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. பேருந்தில் திரும்பி வந்தேன். அலுவலகத்தில் நிரலைத் திறந்தேன். அந்த ஒரு வரி அப்படியே இருந்தது. திருத்தினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் கமிட்டி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். இந்தப் பிழைக்கு அண்ணி பதில் சொல்லும் வரை டூட்டிப் பட்டியலில் கை வைக்கக் கூடாது என்று அவருடைய அனுமதியை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"எதனால இப்படி வரும்?" கமிட்டி என்னைத்தான் கேட்டார். பட்டம் என்னுடையது.

நான் சொன்ன வாக்கியம் அப்படியே நினைவில் இருக்கிறது. "ஜாவா மேல பிஎச்பியை ஓட்டினா இந்த மாதிரி வரலாம் சார்."

முழுப் பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது. வரலாம்தானே. அண்ணி என்னைப் பார்த்தார். சந்தேகமாகப் பார்க்கவில்லை. எப்படி வரலாம் என்று தெரிந்துகொள்கிற ஆசையில் பார்த்தார். அந்தப் பார்வையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அப்போதுகூட அவர் கற்றுக்கொள்ளத்தான் பார்க்கிறார்.

அறுபத்திரண்டு பக்கங்களையும் ஜாவாவில் எழுதுவது என்று முடிவாயிற்று. நாலு மாதம் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

அண்ணி விடவில்லை. மூன்று வாரம், வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் தன் பக்கங்களைத் தாளில் அச்சடித்து வைத்துக்கொண்டு வரி வரியாகத் தேடினார். தவறு அங்கே இல்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"டிகிரி, நீ ஒரு தடவை பாரேன். எனக்குப் படிப்பு இல்லாததால எதையோ விடுறேன்னு நினைக்கிறேன்."

எட்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அன்றுதான். அதைக் கேட்கத்தான் அத்தனை வருடம் காத்திருந்தேனோ என்னவோ. எதிரில் உட்கார்ந்து தாள்களைப் புரட்டினேன். எவ்வளவு சுத்தமாக எழுதியிருந்தார். எதற்கு எந்தப் பெயர், எங்கே என்ன செய்கிறது என்று டிரைவருக்குக்கூடப் புரியும். என் நிரல்கள் அப்படி இருக்காது. கிடைத்த சந்தோஷம் அங்கேயே செத்துப்போய், பழைய எரிச்சல் திரும்ப வந்து உட்கார்ந்தது.

"பிடிபடலை அண்ணி" என்றேன்.

"உனக்கே பிடிபடலைன்னா எனக்கு எங்க" என்று தாள்களை அடுக்கி வைத்தார். மறுநாள் முதல் தேடவில்லை.

நான் நிரந்தரம் ஆனேன். அப்பா அந்த உத்தரவையும் சட்டம் போடக் கொடுத்தார். அடுத்த மாதம் அண்ணனுக்கு வேறு ஊரில் சின்ன டிப்போவுக்கு மாற்றல் கிடைத்தது, அவனாகக் கேட்டு வாங்கியது. அண்ணிக்கு அங்கே பாஸ் கொடுக்கும் கவுன்டரில் வேலை. கம்ப்யூட்டர் இருக்கிறது, எழுத ஒன்றும் இல்லை. சாமான் ஏற்றும் நாளில், பெட்டிகளுக்கு நடுவே நின்று என்னிடம் சொன்னார்.

"சைலன்சருக்கு ஒரு நாள் தரணும். என் கையைக் கட்டிட்டாங்க, அதனால தர முடியலை. இப்போ பட்டியல் உன்கிட்ட இருக்கு. நான் சொன்ன சொல்லு அது. பார்த்துக்க."

"சரி அண்ணி."

அது நடந்து ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. என் புதிய திட்டத்தில் ஒரு டிரைவருக்கு ஈட்டு ஓய்வு, அதாவது இழந்த நாளுக்குப் பதில் ஒரு நாள், தர வேண்டுமானால் காரணம் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியல் பிழை என்று தேர்ந்தெடுத்தால், எந்த நிரலில் பிழை என்று கேட்கும். டிப்போ பக்கங்கள் இப்போது இல்லை, அதனால் அவற்றின் பெயர் அங்கே வராது. வருவது ஒன்றுதான், ஓய்வு நாள் நிரல். அதன் கீழே எழுதியவர் பெயர் தானாகவே விழும், என் பெயர். கமிட்டி கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார்ப்பவர். அந்தக் காரணங்களின் வரிசையை எழுதியதும் நான்தான். இன்னொரு வரி சேர்க்க வெகு நேரம் ஆகாது. என்னவென்று சேர்ப்பது என்பதுதான் தெரியவில்லை. நாலைந்து முறை அந்தப் படிவத்தைத் திறந்து, சைலன்சரின் பணி எண்ணை அடித்து, மூடியிருக்கிறேன்.

போன வாரம் டிப்போவுக்குப் போனபோது சைலன்சர் எதிரே வந்தார். அவராக நின்றார்.

"உங்க அண்ணி நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"எனக்கு ஒரு நாள் தரணும்னாங்க."

"மறந்திருப்பாங்களோ என்னவோ" என்றேன். என் வாய் எப்படி அப்படிச் சொல்லிற்று என்று தெரியவில்லை.

"அவங்க மறக்க மாட்டாங்க. தந்துடுவாங்க" என்று சொல்லிவிட்டு, வண்டி எண்ணைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

என்னைப் பற்றி யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த நாளை இன்னும் அவருக்கு யாரும் தரவில்லை.